இருதயப் பரிசோதனை: நோய் காணுமுன் செய்ய வேண்டியது

குறிஞ்சிப்பாடி நெசவாளரையும் சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயிகளையும் இருதயப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று நாம் வினவினால், “நாள் முழுதும் உழைக்கிறவர்களுக்கு அந்த நோய் ஏது?” என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. உழைப்பு உடலுக்கு நல்லதே. ஆயினும், ரத்த அழுத்தம் ஏறியிருப்பதை உழைப்பவரும் உணர்வதில்லை. தலைவலியோ மயக்கமோ இன்றியே அது பல ஆண்டுகள் உடலில் தங்கி, இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். அளந்து பார்ப்பதைத் தவிர அதனை அறிய வேறு வழியில்லை.

அமெரிக்காவில் பிரேமிங்காம் என்னும் ஊரில் 1948 முதல் 5,209 ஆண் பெண்களை ஈராண்டுக்கொரு முறை சோதித்து வந்தனர். ரத்த அழுத்தமும் கொழுப்பும் மிகுந்தவர்களுக்கே இருதய நோய் அதிகம் என்பதை 1961-இல் வெளியிட்டனர்.

“போய்வந்தால் ஒரு நாள் கூலி போகுமே” என்பது நியாயமான கவலைதான். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்த்து மாத்திரை தருவதற்காக வகுக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளலாம். முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தறியை விட்டு எழுந்தவுடன் கையை நீட்டலாகாது. அரை மணிக்கு முன்பே தேநீரும் பீடியும் நிறுத்தி, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமர்ந்த பின்பே அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காணின் மருத்துவரை அணுக வேண்டும்.

ஈ.சி.ஜி. தாள் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பல ஆண்டு நிம்மதியாயிருப்பவர்களும் உளர். இருதயக் குழாயில் அடைப்பிருந்தும், ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாகவே தோன்றக்கூடும். திடீரென நெஞ்சில் இறுக்கமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ கண்டால் அந்தத் தாளை நம்பியிராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மற்றொரு தவறு இதனினும் பெரிது. அழுத்தம் இறங்கியதும் நோய் தீர்ந்ததென எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். இறங்கியது மாத்திரையினால், நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் ஏறும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது.

நெய்த துணியை ஒப்படைக்க அங்கத்தினர்கள் கூடும் நாளில் சங்கக் கட்டடத்திலேயே சோதனை நடத்தும்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனை யாரேனும் ஓர் அங்கத்தினர் எழுப்புவாராக.