எண்ணெய்த் தாங்கியும் குடிநீரும்: பன்ஸ்ஃபீல்ட் விபத்து கற்பிக்கும் பாடம்

நாம் வாகனங்களில் நிரப்பும் பெற்றோலும் ஹீத்ரோவில் விமானங்களுக்கு ஏற்றப்படும் எரிபொருளும் நகருக்கு வெளியேயுள்ள பெரிய சேமிப்பு நிலையங்களைக் கடந்தே நம்மை வந்தடைகின்றன. அவற்றுள் ஒன்று, சவுத்தாலுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், ஹேமல் ஹெம்ப்ஸ்ரெட் நகரின் ஓரத்தில் அமைந்துள்ள பன்ஸ்ஃபீல்ட் நிலையம். எண்ணெயை நிலத்திலும் நீரிலும் கலக்க விடாமல் காக்கும் ஏற்பாடுகள் எவை, அவை ஏன் தவறுகின்றன என்பதை அங்கு 2005இல் நிகழ்ந்த விபத்தின் துணையுடன் இங்கு நோக்குவோம்.

பாதுகாப்பின் நான்கு படிகள்

1. தாங்கியில் எண்ணெய் எவ்வளவு உள்ளது எனக் காட்டும் அளவுமானி.
2. அளவுமானி தவறினாலும், எண்ணெய் வரவைத் தானாகவே நிறுத்தும் உயர்மட்ட ஆளி.
3. எண்ணெய் வழிந்தால் அதைத் தேக்கி வைக்கும் சுற்றுச்சுவர். வயலில் நீரை மறிக்கும் வரம்பின் வேலையே இதற்கும் உரியது.
4. சுவரையும் மீறியதை நிலைய எல்லைக்குள்ளேயே நிறுத்தும் வடிகால்களும் தேக்கங்களும்.

ஒரு படி தவறினால் அடுத்தது தாங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

அன்று நடந்தது என்ன?

2005 டிசம்பர் 10ஆம் திகதி மாலை, குழாய்வழியாக 912ஆம் இலக்கத் தாங்கிக்குப் பெற்றோல் வரத் தொடங்கியது. மறுநாள் அதிகாலை 3 மணியளவில் அளவுமானி ஒரே அளவில் நின்றுவிட்டது. பெற்றோலோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. உயர்மட்ட ஆளியும் செயற்படவில்லை. அதன் சோதனை நெம்புகோலை உரிய நிலையில் நிறுத்தி வைக்கும் சிறிய பூட்டு பொருத்தப்படாமையே காரணம். தாங்கி நிரம்பி 2,50,000 லீற்றருக்கும் மேற்பட்ட பெற்றோல் வழிந்தது. அதன் ஆவி மேகமாகப் பரவி, காலை 6.01 மணிக்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிறு அதிகாலையாகையால் உயிரிழப்பு நேரவில்லை.

தீ பல நாட்கள் எரிந்தது. அதை அணைக்கப் பயன்பட்ட நீரும் நுரையும் எண்ணெயுடன் கலந்து, சுற்றுச்சுவர்களின் இணைப்புகளில் ஏற்பட்ட வெடிப்புகள் வழியே வெளியேறின. நான்காம் படியும் அங்கு போதியதாக இருக்கவில்லை. அவ்விடத்தின் அடியில் இருப்பது சுண்ணப்பாறை. நிலத்தடி நீரைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் பாறை அது. மாசு அந்நீரைச் சென்றடைந்தது. 2010 யூலையில் ஐந்து நிறுவனங்களுக்கு அபராதமும் வழக்குச் செலவுமாக ஏறத்தாழ 95 இலட்சம் பவுண் விதிக்கப்பட்டது.

நாமறிந்த மற்றொரு நிலம்

யாழ்ப்பாணமும் சுண்ணப்பாறை நிலமே. கிணற்று நீரையே நம்பி வாழும் சுன்னாகத்தில், மின்னுற்பத்தி நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் கிணறுகளில் கலந்தது தொடர்பாக வழக்குத் தொடரப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. சுண்ணப்பாறைக்குள் இறங்கிய எண்ணெயை மீட்டெடுப்பது மிகக் கடினம், தடுப்பதே வழி.

நாம் செய்ய வேண்டியவை

• பழைய இயந்திர எண்ணெயை வீதி வடிகாலில் ஊற்றாதீர்கள். மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு ஏதுமின்றி ஓடைகளையும் ஆறுகளையும் சேர்கின்றன. எண்ணெயை மூடிய கொள்கலனில் இட்டு, அதை ஏற்கும் மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படையுங்கள்.
• உரிய அதிகாரசபைக்கு அறிவிக்காமல் வீட்டில் 30 லீற்றருக்கு மேல் பெற்றோல் வைத்திருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கொள்கலன் 10 லீற்றரையும் உலோகக் கொள்கலன் 20 லீற்றரையும் தாண்டலாகாது.
• வாகனத் திருத்தகம் போன்ற தொழில் நடத்துவோர் 200 லீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய்க் கொள்கலன் வைத்திருப்பின், அதன் கொள்ளளவில் 110 வீதத்தைத் தாங்கும் சுற்றுத்தடுப்பு அமைக்க வேண்டும். அதில் வெடிப்பு உள்ளதா என அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.
• கால்வாயிலோ ஓடையிலோ எண்ணெய்ப் படலத்தைக் கண்டால், சுற்றாடல் முகவர் நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கமான 0800 80 70 60 ஊடாக உடனே அறிவியுங்கள்.

மீட்டல் வினாக்கள்

1. பன்ஸ்ஃபீல்டில் எந்தெந்தப் படிகள் தவறின?
2. உங்கள் வீட்டு வாசலில் உள்ள வடிகாலின் நீர் எங்கே சென்று சேர்கிறது?