மண்டையோட்டு அந்துப்பூச்சியும் தேசி வண்ணத்துப்பூச்சியும்

எள்ளு, கத்தரி, அவரை ஆகியவற்றின் இலைகளைத் தின்று காம்பை மட்டும் விட்டுவைக்கும் பருத்த பச்சைப் புழு ஒன்றுண்டு. தேசி நாற்றுகளை மொட்டையாக்கும் பச்சைப் புழு வேறொன்று. முன்னையது மண்டையோட்டு அந்துப்பூச்சியின் குடம்பி. பின்னையது தேசி வண்ணத்துப்பூச்சியின் குடம்பி. இரண்டையும் பிரித்தறியாதவர் தம் உழைப்பைத் தவறான இடத்திற் செலவிட நேரும்.

அந்துப்பூச்சி இரவிற் பறப்பது. விரித்த சிறகுகள் 9 முதல் 12 சதமமீற்றர் வரை அகலமுடையன. முதுகில் மண்டையோடு போன்ற குறி காணப்படும். கையிற் பிடித்தாற் கீச்சென ஒலிக்கும். தேன்கூட்டினுள் நுழைந்து தேன் குடிப்பதும் இதன் வழக்கம். குறியையும் ஒலியையும் கண்டு அஞ்சுவதற்கு ஏதுமில்லை. வண்ணத்துப்பூச்சியோ பகலிற் பறப்பது. 8 முதல் 10 சதமமீற்றர் அகலமான கருஞ்சிறகில் மஞ்சட் புள்ளிகள் நிறைந்திருக்கும். அதன் உணர்கொம்பின் நுனி குண்டாந்தடி போலத் தடித்திருக்கும்.

குடம்பிகளை அறிவது எளிது. அந்துக் குடம்பியின் வாற்புறத்தில் வளைந்த கொம்பு உண்டு, அது கொட்டாது. பச்சை இலையோடு ஒன்றியிருப்பதால் இக்குடம்பி கண்ணுக்குப் படுவது அரிது. செடியடியிற் கிடக்கும் மிளகளவான எச்சமே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். தேசிக் குடம்பி இளமையிற் பறவை எச்சம் போன்றிருந்து, பின்னர் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவர் ஒன்றை நீட்டிக் கடுநாற்றம் வீசும்.

முக்கிய வேறுபாடு கூட்டுப்புழுப் பருவத்திலாகும். அந்துக் குடம்பி மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே எள்ளுப் பிடுங்கிய நிலத்தை உடனே உழுதுவிடல் வேண்டும். மேலே புரண்ட கூட்டுப்புழுக்களைப் பறவைகள் தின்னும், எஞ்சியவை வெயிலில் மடியும். கத்தரிப் பாத்திகளில் வரிசைகளுக்கிடையே கொத்திவிடலாம். தேசி மரத்தின் அடியை எவ்வளவு கொத்தினும் இப்பயன் கிட்டாது. அதன் கூட்டுப்புழு பட்டிழையாற் கட்டப்பட்டுக் கிளையிலேயே ஒட்டியிருக்கும்.

இரு பூச்சிகளும் முட்டைகளைத் தனித்தனியே இடுவன. ஆதலாற் குடம்பிகளைக் கையாற் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இடுவது சிறு தோட்டத்துக்குப் போதுமானது. வளர்ந்த தேசி மரம் சில இலைகளை இழப்பினும் தாங்கும். நாற்றுமேடையிலோ ஓரிரு குடம்பிகளே ஒரு கன்றை மொட்டையாக்கிவிடும். ஆகவே துளிர்விடும் காலத்தில் நாற்றுகளை நாடோறும் பார்த்தல் அவசியம். கறிவேப்பிலையையும் இவ்வண்ணத்துப்பூச்சி நாடும். அன்றாடம் கறிக்கு ஆய்கின்ற இலையாகையால் அதற்கு நஞ்சு தெளித்தல் தகாது, பொறுக்குதலே தக்கது.