ஒரு படகு, இரு பணி

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பது நம் பெரியோர் கூறும் அறிவுரை. ஆனால் ஒரே தோணியில் இரண்டு வேலையை ஏற்றலாமா? சென்ற வேனிற் காலத்தில் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றும் என் தமையனார், குடும்பத்திற்கென்று பழைய படகு ஒன்று வாங்க எண்ணினார். 8 வயது மகனுக்குத் தூண்டில் போடுவதில் ஆசை. 14 வயது மகளுக்கு நீர்ச்சறுக்கில் ஆசை. புதுப் படகு வாங்கவும் பொருள் இல்லை. இரண்டு படகு வாங்கவும் பொருள் இல்லை. "தம்பி, நீ கப்பற் கட்டுமானம் படிக்கிறவன்தானே! எதை வாங்கலாம், சொல்" என்றார்.

வகுப்பில் பெருங்கப்பல்களுக்கே கணக்குப் போட்டுப் பழகிய எனக்கு, 17 அடிப் படகு ஒன்று புதிய பாடமாயிற்று. அதில் நான் கற்றவற்றை நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

ஏரிகள் நிறைந்த நாடு

மினசோட்டாவைப் பதினாயிரம் ஏரிகளின் நாடு என்பர். அது புகழ்ச்சியன்று, குறைத்துக் கூறியதேயாகும். 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டும் அங்கே 11,842 உள்ளன. 'வாலை' என்னும் மீனை அம்மாநிலம் 1965-இல் தன் மாநில மீனாகவே ஏற்றுக்கொண்டது. நீர்ச்சறுக்கு பிறந்ததும் அம்மண்ணில்தான். 1922-ஆம் ஆண்டில் ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் இளைஞர், பலகைகளின் நுனியை வெந்நீரில் வேகவைத்து வளைத்துக் காலில் கட்டிக்கொண்டு, பெப்பின் ஏரியில் படகின் பின்னே நின்றபடி சறுக்கிக் காட்டினார். ஆகவே தூண்டிலும் சறுக்கும் அந்நாட்டுக் குடும்பங்களுக்கு இரு கண் போன்றவை. ஆனால் படகைப் பொறுத்தவரை அவை ஒன்றற்கொன்று மாறுபட்டவை.

முரண்பாடு எங்கே?

மீன் பிடிப்பவனுக்குப் படகு நிற்க வேண்டும்; அல்லது நடந்து செல்பவன் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டும். இருவர் ஒரே பக்கம் நகர்ந்து நின்று மீனை இழுத்தாலும் அதிகம் சாயக்கூடாது. பக்கச் சுவர் உயரமாக இருந்தால் சிறுவன் தவறி விழமாட்டான். எஞ்சின் ஓசை குறைவாக இருக்க வேண்டும்.

சறுக்குபவளுக்கு வேண்டுவது வேறு. நீரில் அமர்ந்திருப்பவளைப் படகு சில நொடிகளில் மேலே தூக்கி நிறுத்த வேண்டும். கயிறு பக்கவாட்டில் இழுத்தாலும் வழி மாறாமல் நேரே ஓட வேண்டும். இதற்கு ஆற்றல் மிக்க எஞ்சின் தேவை.

இதன் காரணத்தை விளக்குவது எளிது. மெதுவாகச் செல்லும் படகை ஆர்க்கிமிடீசு கூறிய மிதப்பு விசை தாங்குகிறது. விரைந்து செல்லும் படகு நீரைக் கீழே தள்ளி, அந்தத் தள்ளலால் மேலெழுந்து, நீரின்மேல் வழுக்கி ஓடுகிறது. தட்டையான அடிப்பகுதி விரைவில் மேலெழும், நிற்கும்போதும் ஆடாது. ஆனால் அலை வந்தால் 'தொப் தொப்' என்று அறையும். கூரிய அடிப்பகுதி அலையைக் கிழித்துச் செல்லும்; ஆனால் நிற்கும்போது ஆடும், மேலெழ அதிக ஆற்றல் கேட்கும். எல்லாவற்றிலும் முதல்வனாக நிற்கும் வடிவம் ஒன்றும் இல்லை. எதில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே கேள்வி.

முதலில் நாட்களை எண்ணுக

நான் தமையனாரிடம் கேட்ட முதற்கேள்வி படகைப் பற்றியதன்று. "நான்கு முறை ஏரிக்குப் போனால், எத்தனை முறை மீனுக்காக? எத்தனை முறை சறுக்குவதற்காக?" என்று கேட்டேன். அவர் அண்ணியாரிடமும் குழந்தைகளிடமும் கலந்து பேசி, "மூன்று முறை மீனுக்கு, ஒரு முறை சறுக்குக்கு" என்றார். பாதி வேலை இந்த விடையிலேயே முடிந்துவிட்டது.

சறுக்குக்கென்றே கட்டிய படகில் எஞ்சின் நடுவிலோ உள்ளேயோ இருக்கும். பக்கச் சுவர் தாழ்ந்திருக்கும். மூன்று பங்கு நாட்களை மீனுக்குக் கொடுக்கும் குடும்பத்திற்கு அது ஆகாது. கையால் திருப்பும் சிறு எஞ்சின் கொண்ட மீன்பிடிப் படகோ மகளை நீரிலிருந்து தூக்கி நிறுத்தாது. இவ்விரண்டிற்கும் இடையே 'ஃபிஷ் அண்ட் ஸ்கி' என்ற பெயரிலேயே ஒரு வகைப் படகு அங்கே விற்கிறது. 16 முதல் 19 அடி நீளம். நடுத்தரக் கூர்மையுள்ள அடிப்பகுதி. அமரத்தில், அதாவது பின்புறத்தில், வெளியே தொங்கும் எஞ்சின். அணியத்தில் தூண்டில் போட மேடை. மீனை உயிரோடு வைக்கும் தொட்டி. பின்னால் கயிறு கட்டும் வளையம். எங்கள் கணக்குக்கு இதுவே பொருந்தியது. சறுக்கே பெரிது என்னும் குடும்பமாயின் விடை மாறியிருக்கும்.

தகடு சொல்லும் செய்தி

அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டப்பட்ட, 20 அடிக்குக் குறைந்த சாதாரண விசைப்படகுகளில் ஒரு தகடு பதித்திருக்க வேண்டும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் வரை தாங்கும் என்பன அதில் இருக்கும். பழைய படகு பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இத்தகடே. உச்ச அளவை மீறிய எஞ்சினைப் பொருத்தியிருந்தால் அப்படகை விட்டு விலக வேண்டும். மிகக் குறைந்த எஞ்சினாக இருந்தால் சறுக்கு நடவாது. உச்ச அளவில் முக்கால் பங்காவது இருத்தல் நலம்.

தகடு இல்லாத பழம் படகாயின் ஒரு கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 17 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள படகிற்கு 119-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8 வரும். முழுதாக வருவது 7. ஆகவே 7 பேருக்கு மேல் ஏறக்கூடாது. அதுவும் நல்ல வானிலையில்தான்.

அமரத்தின் வலப்புற மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி ஒன்று இருக்கும். 1984-க்குப் பின் வந்த படகுகளில் அதன் கடைசி இரண்டு எண்கள் ஆண்டைக் காட்டும். விற்பவர் கூறும் வயதும் பத்திரத்தில் உள்ள எண்ணும் இக்குறியோடு ஒத்திருக்க வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்த்தல்

நம் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவர் அதன் கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்ப்பதில்லை. பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். படகுக்கும் அதுவே முறை.

தமையனார் முதலில் ஒரு படகைக் கண்டு மயங்கிவிட்டார். புது வண்ணம், புது மெத்தை, விலையும் குறைவு. முன்பணம் கொடுக்க இருந்தவரைத் தடுத்து, "அண்ணா, மூன்று காரியம் செய்துவிட்டுப் பணத்தை எடுங்கள்" என்றேன். கைப்பேசியில் படம் காட்டியபடியே அவர் செய்தார்.

முதலாவது, வெறுங்காலோடு தளமெங்கும் நடந்தார். பின் இருக்கையின் அருகே தளம் மெத்தைபோல் அமுங்கியது. இரண்டாவது, எஞ்சின் தொங்கும் பின்சுவரைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினார். கண்ணாடியிழைப் படகு பலவற்றில் அச்சுவரின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். நல்ல பலகை 'டக்' என்று கணீரென ஒலிக்கும். உளுத்த பலகை ஈர மண்ணைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். இங்கே மந்தமாகவே ஒலித்தது. மூன்றாவது, எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். எஞ்சினோடு சேர்ந்து சுவரும் அசைந்தது.

அந்தச் சுவர்தான் எஞ்சினின் முழு எடையையும் தாங்குகிறது. அதன் உந்துவிசை முழுவதையும் ஏற்கிறது. மகள் கயிற்றைப் பிடித்திருக்கும் வேளையில் அது பிளந்தால் என்ன ஆகும்? தமையனார் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். அன்றிரவு அண்ணியார் என்னை அழைத்து, "தம்பி, பிள்ளைகள் அந்தப் படகில் ஏறவில்லை என்பதே போதும்" என்றார்.

எஞ்சினுக்கும் சில சோதனைகள் உண்டு. போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுப்பதை மறைக்க விற்பவர் ஓட்டி வைத்திருக்கலாம். உருளைகளின் அழுத்தத்தை அளக்கச் செய்ய வேண்டும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயப்பட வேண்டும். கீழ்ப்பகுதிக் கியர் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்க்க வேண்டும். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

மினசோட்டாவின் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கிடக்கும். நீர் உறையும்போது விரியும் என்பது பள்ளிப் பாடம். உள்ளே பொருத்திய எஞ்சினில் நீரை வடிக்காமல் விட்டால் அவ்விரிவு இரும்பையே பிளந்துவிடும். வெளியே தொங்கும் எஞ்சினை நேராக நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும். அக்குடும்பத்திற்கு நான் வெளி எஞ்சினைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். படகோடு வரும் இழுவண்டியையும் மறக்கலாகாது. அதன் சக்கர உருளிகளும் வட்டைகளும் கெட்டிருந்தால் ஏரியைக் காணுமுன்பே பயணம் முடிந்துவிடும்.

நீரில் ஓட்டிப் பார்த்தல்

கரையில் சிறந்து நின்ற படகையும் நீரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாகாது. தனியே ஓட்டுவதும் போதாது. குடும்பம் முழுவதையும், அல்லது அதற்கு ஈடான எடையை, ஏற்ற வேண்டும். முதலில் கால்மணி நேரம் மீன் பிடிக்கும் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டும். எஞ்சின் இருமுகிறதா, சூடேறுகிறதா என்று கவனிக்க வேண்டும். பின்னர் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்திற்குப் போக வேண்டும். அணியம் வானை நோக்கி நின்று நெடுநேரம் இறங்காவிட்டால் சறுக்குபவரை அது தூக்காது. இறுதியாக நிறுத்தி, இருவர் ஒரே பக்கம் நின்று பார்க்க வேண்டும். இரு பணிக்கும் இருவேறு தேர்வு. இரண்டிலும் தேற வேண்டும்.

உயிர் காக்கும் சில விதிகள்

படகு ஓடும்போது 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். சறுக்குபவரை இழுக்கும்போது ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அல்லது அதற்கென அமைந்த அகலக் கண்ணாடி வேண்டும். ஓட்டுநர் நீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சொடுக்கி உள்ள சிறு படகுகளில், அதன் கயிற்றை ஓட்டுநர் தம்மோடு இணைத்துக்கொண்டே விரைந்து ஓட்ட வேண்டும் என்னும் நாடு தழுவிய விதி 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. பழைய படகில் அந்தச் சொடுக்கி வேலை செய்கிறதா என்று வாங்குமுன்பே இழுத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தை விடப் பெரியவை இரண்டு உண்டு. நீரில் இருப்பவரை ஏற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சுழலி சுழலும் படகின் பின்னே எவரும் நெருங்கக்கூடாது. கயிறின்றிப் படகின் அலைமேல் சறுக்கும் விளையாட்டை வெளி எஞ்சின் படகின் பின்னே ஒருபோதும் ஆடக்கூடாது என்பது இதனால்தான். அடுத்து, எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் எவரும் அமரக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைக் குடிப்பது.

முடிவாக

ஆறு வாரம் தேடியபின் 17 அடி அலுமினியப் படகு ஒன்று கிடைத்தது. மெத்தை கிழிந்திருந்தது, வண்ணம் மங்கியிருந்தது. ஆனால் பின்சுவர் கணீரென ஒலித்தது. எண்ணெய் தெளிவாக இருந்தது. 90 குதிரைத்திறன் எஞ்சின் மகளைத் தூக்கி நிறுத்தியது. மெத்தையை அண்ணியாரே தைத்துவிட்டார். கையிருப்பு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்கைப் பழுது பார்க்க ஒதுக்கியிருந்ததால், இழுவண்டியின் உருளிகளையும் மாற்ற முடிந்தது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை வெளிநாடு செல்வோம். படகு வாங்குவோர் சிலரே இருப்போம். ஆயினும் பழைய வண்டி, பழைய வீடு, பழைய கருவி என ஏதேனும் ஒன்றை நாம் எல்லோரும் வாங்கத்தான் போகிறோம். அப்போது நம் தேவையை நாட்களால் எண்ணிக்கொண்டு புறப்படுவோம். பளபளப்பைக் கண்டு பணப்பையைத் திறக்குமுன், பாரத்தைத் தாங்கும் சுவர் எது என்று தேடி, அதைத் தட்டிப் பார்ப்போம்.