கல்லில் நின்ற காவலன்

மனிதனோடு உறவு கொண்ட விலங்குகளுள் முற்பட்டது நாயே ஆகும். ஓநாயின் வழியில் தோன்றிய இவ்விலங்கு, மக்கள் உழவுத் தொழிலைக் கற்பதற்கு முன்பே, 14,000 ஆண்டுகளுக்கு மேலாக அவர்களோடு வாழ்ந்து வருகின்றது என்பர் ஆராய்ச்சியாளர். நம் முன்னோர் இதனை ஞமலி எனவும் ஞாளி எனவும் வழங்கினர். இதன் குட்டியைக் குருளை என்றல் மரபு எனத் தொல்காப்பியம் கூறுகின்றது.

தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலம். ஆநிரையின் பொருட்டுப் போரிட்டு மாண்ட வீரர்க்கு எடுத்த கற்கள் பல அங்கே காணப்படுகின்றன. அம்மாவட்டத்தை அடுத்துத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதி அமைந்துள்ளது. அப்பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் சிறப்பு வாய்ந்த நடுகல் ஒன்று உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் அதில் உள்ளது. அவன் அருகே ஒரு நாயும் நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்பதும் அக்கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. மன்னன் பெயரும் வீரன் பெயரும் விளங்கும் கல்லில் நாயின் பெயரையும் பொறித்தனர் எனின், அதன் உதவியை அக்காலத்தார் எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பது தெளிவாகும்.

இத்தகைய காவலுக்கு உதவுவன நாயின் மோப்பமும் செவியுமே. மனிதன் அறிய முடியாத நுண்ணிய மணத்தையும் அது அறியும். நம் செவிக்கு எட்டாத ஒலியையும் கேட்கும்.

நாய்கள் யாவும் ஓரினத்தனவே எனினும், பிறந்த நிலத்திற்கும் செய்யும் தொழிலுக்கும் ஏற்ப அவற்றின் உடலமைப்பு வேறுபடும். இராசபாளையம் நாய் பெரும்பாலும் வெண்ணிறம் உடையது. காவலிலும் வேட்டையிலும் பெயர் பெற்றது. சிப்பிப்பாறை நாய் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு விரைந்தோட வல்லது. இவற்றின் குறுகிய மயிர் வெப்ப நிலத்திற்கு ஏற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல் தலைகளுள் இராசபாளையம் நாயும் இடம் பெற்றது.

மேனாட்டு ஸ்பானியல் நாயோ இவற்றின் வேறானது. புதரிலும் நீர்நிலையிலும் மறைந்திருக்கும் பறவைகளை எழுப்புதற்காக வளர்க்கப்பட்டது அது. அடர்ந்து நீண்ட மயிரும், தொங்கும் பெரிய செவிகளும், இனிய இயல்பும் அதன் அடையாளங்கள். அதன் மயிரை நாள்தோறும் சீவுதல் வேண்டும். இன்றேல் சிக்குண்டு உண்ணிகளுக்கு உறைவிடமாகும். தொங்கும் செவியினுள் காற்றுப் புகாமையால் ஈரம் தங்கிப் புண் உண்டாகும். ஆகவே நீராட்டிய பின் செவியை உலர்த்துவதும், அடிக்கடி உள்ளே நோக்குவதும் இன்றியமையாதன. அழகு கண்டு வாங்குவோர் இவ்வுழைப்பையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

எவ்வின நாயாயினும் சில தேவைகள் பொதுவானவை. நாய்க்கு அடிப்பாதங்களிலன்றி மேனியில் வியர்வை பெரிதும் தோன்றுவதில்லை. நாவை வெளியே நீட்டி இளைப்பதாலேயே அது உடற்சூட்டைத் தணித்துக் கொள்கின்றது. ஆதலின் தருமபுரி போன்ற இடங்களின் கோடை வெயிலில் அதனைக் கட்டி வைத்தல் கொடுமையாகும்; நிழலும் தூய நீரும் எப்பொழுதும் வேண்டும். கேழ்வரகுக் களியும் கூழும் மட்டும் போதா. முட்டை, இறைச்சி முதலியனவும் தேவை. வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு நாய்க்குத் தீங்கு செய்யும்.

எல்லாவற்றினும் முதன்மையானது வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று திங்கள் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று ஊசி இடுவித்தல் வேண்டும். பின்னர் அவர் கூறும் காலத்தில் தவறாது மீண்டும் இடுவித்தல் வேண்டும். வெறிநோயின் குறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் மிக அரிது. 1885ஆம் ஆண்டில் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் தடுப்பு மருந்தால் ஒரு சிறுவனைக் காத்தார். 1907ஆம் ஆண்டில் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. நாய் கடித்தால், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பினாலும் பதினைந்து நிமிடம் நன்கு கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சுண்ணாம்பும் மிளகாயும் பச்சிலையும் பூசிக் காலத்தைக் கழித்தல் உயிருக்கே கேடாகும்.

கோவிவன் கூலி பேசிக் காவல் புரியவில்லை. இன்றும் பட்டியிலும் வயலிலும் இரவெல்லாம் விழித்திருக்கும் நாய்கள் அவ்வாறே உழைக்கின்றன. அவற்றுக்கு நாம் கல் எடுக்க வேண்டுவதில்லை. நீரும் உணவும் ஊசியும் காலந்தவறாது அளித்து, முதுமையுற்ற பின்னரும் தெருவில் துரத்தாது பேணினால், அதுவே நன்றியறிதல் ஆகும்.