போர் விமானியாதல் தகுமோ?

இராயபுரத்திற் பிறந்து, காசிமேட்டு விசைப்படகுகளையும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளையும் கண்டு வளர்ந்த எமக்கு, வானத்தின்மீது வேட்கை பிறந்த நாள் 2024 அக்டோபர் 6 ஆகும். இந்திய விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டி அன்று மெரினாவின்மேல் விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. ‘யாமும் இவ்வாறு பறத்தல் கூடுமோ?’ என அன்று எம்முள் எழுந்த வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் தகுதியை நோக்குவோம். தமிழ் பயில்வோர்க்கு இவ்வழி அடைபட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. விமானப் படைப் பொது நுழைவுத் தேர்வின் வாயிலாகப் பறக்கும் பிரிவிற் சேர விழைவோர், எப்பாடத்திற் பட்டம் பெறினும் 60 விழுக்காடு பெறுதல் வேண்டும். மேனிலைப் பள்ளியிற் கணிதமும் பௌதிகமும் பயின்று ஒவ்வொன்றினும் 50 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். வயது 20 முதல் 24 வரை. நிறங்களைப் பிழையின்றி அறியும் கண்ணும் இன்றியமையாதது. விமானியாதற்குரிய கணினிவழித் தேர்வோ ஒருவர்க்கு வாழ்நாளில் ஒருமுறையே வாய்ப்பது. ஆதலின் ஆயத்தமின்றிச் செல்லுதல் அறிவுடைமையன்று.

தேர்ந்தோர் ஐதராபாத்தை அடுத்த துண்டிகல்லிற் பயில்வர். பின்னர்ப் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்னும் மூன்றனுள் ஒன்றற்கு ஒதுக்கப்படுவர். விரும்பியதே கிடைக்குமென்பது உறுதியன்று. இவ்வழிச் சேர்ந்தார்க்குப் பணி 14 ஆண்டுகளே. அதன்பின் வேறு தொழில் நாடவேண்டும்.

நிற்க. இடரையும் எண்ணுதல் வேண்டும். 1971 டிசம்பர் 14-ஆம் நாள் ஸ்ரீநகரைக் காக்கப் பறந்த நிர்மல்ஜித் சிங் சேகோன் உயிர் துறந்து பரம வீர சக்கரம் பெற்றார். 2019-இல் தமிழராகிய அபிநந்தன் வர்த்தமான் பகைவர் கையகப்பட்டு மீண்டார். 2016 முதல் மகளிரும் போர் விமானிகளாய் இவ்விடரை ஏற்கின்றனர்.

இனி அறம். கொலை விலக்கும் கட்டளையை இளமை முதல் ஓதிய எமக்கு இதுவே பெரும் முட்டுப்பாடு. கொல்லாமைக்கும் படைச்செருக்கிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் இரண்டையும் ஒரு நூலுள்ளே வைத்தார். 2015 வெள்ளத்தின்போது சென்னையில் ஹெலிகாப்டர்கள் மக்களை மீட்டன. அவற்றைச் செலுத்திய படையே போரும் புரிவது. மீட்பேன், போரிடேன் என்று ஏவலைப் பகுத்தல் வீரனுக்கு இயலாது. ஆயினும் படைக்கலம் அற்றாரைக் காத்தற்பொருட்டு, வெறுப்பின்றிப் போர்க்கருவி தாங்குதல் அறத்தொடு மாறுபடாதென்பது எம் துணிபு.

எஞ்சியது ஒன்று. எம் அன்னையார் கடல்மேற் சென்ற எம் தந்தையாரை எதிர்நோக்கி இரவு பல கழித்தவர். யாம் இக்கருத்தை உரைத்தபொழுது, “கடலைப் பார்த்தது போதாதா அப்பா, இனி வானத்தையும் பார்க்க வேண்டுமா?” என்றார். அதற்கு விடையிறுக்க எமக்கு நா எழவில்லை.

ஆதலின் யாம் துணிந்தது இது: இவ்வாண்டே கண்ணைச் சோதித்துக்கொள்வோம், கணிதத்தை மீண்டும் பயில்வோம், அன்னையார் மனமுவந்து வாழ்த்திய பின்னரே விண்ணப்பம் வரைவோம். தேர்வு வாய்க்காதாயின் தமிழாசிரியராய்த் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ சிறாரைப் பயிற்றுவோம். அதுவும் சிறுமையன்று. நண்பர்காள், நீவிரும் விமானத்தின் ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்யாது, வீட்டிற் காத்திருப்பாரது மௌனத்தையும் கேட்டு முடிவு செய்மின்.