நைல் தேடியவர்களும் சிதி முபாரக் பொம்பேயும்

விசுவமடு



நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர்களைப் பற்றி பிபிசி 1971இல் ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகம் ஒன்றை ஒளிபரப்பியது. பேர்ட்டன், ஸ்பீக், சாமுவேல் பேக்கர், லிவிங்ஸ்டன், ஸ்டான்லி ஆகியோரே அதன் நாயகர்கள். இவ்வகை நாடகங்களைப் பார்க்கும் மாணவர் மனத்தில், வெள்ளைக்காரர் வரும்வரை ஆபிரிக்காவின் உட்பகுதி வழியில்லாத காடாகக் கிடந்தது என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. அது முழுப் பிழை. 1857இல் பேர்ட்டனும் ஸ்பீக்கும் நடந்தது, தந்தமும் அடிமைகளும் கொண்டுவரப்பட்ட பழைய வணிகப் பாதையில். அங்கே காசே என்ற ஊரில் ஸ்னாய் பின் அமீர் என்ற அரபு வணிகர், உள்நாட்டில் இருப்பது ஒரே நீர்ப்பரப்பு அல்ல, மூன்று தனித்தனி ஏரிகள் என்று விளக்கினார். அவற்றுள் வடக்கே இருந்ததை ஸ்பீக் 1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி கண்டு, விக்டோரியா என்று பெயரிட்டார்.

அந்தப் பயணத்தில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் சிதி முபாரக் பொம்பே. யாவோ இனத்தவர், சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். எசமான் இறந்ததும் விடுதலை பெற்றுக் கிழக்கு ஆபிரிக்காவுக்குத் திரும்பினார். ஸ்பீக் அரபும் சுவாகிலியும் அறியாதவர். இந்தியப் படையில் இருந்தபோது பழகிய இந்துஸ்தானியைத்தான் நம்பியிருந்தார். பொம்பேக்கும் அது தெரியும். ஆகவே ஸ்பீக் இந்துஸ்தானியில் கேட்டதைப் பொம்பே சுவாகிலியில் கேட்க, பதிலும் அவர் வாய்வழியே திரும்பி வந்தது. 1871இல் லிவிங்ஸ்டனைத் தேடிய ஸ்டான்லியோடும் அவர் போனார். பிறகு கமரோன் என்ற பயணியோடு கண்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். இத்தகைய மனிதரைச் சுமைகாரர் கூட்டத்தில் ஒருவராகக் காட்டுவது அநியாயம். அவரை நடுவில் வைத்தால் இத்தனை பயணங்களும் ஒரே கதையாகத் தொடுபடும். நல்ல நாடகாசிரியர் அதைத்தான் எழுத வேண்டும்.

நாடகத்தின் இன்னொரு நாயகரான பேக்கர் இலங்கைக்குப் புதியவர் அல்லர். நுவரெலியாவில் பண்ணை அமைத்து, இந்நாட்டுக் காடுகளில் யானை வேட்டையாடி, 1854இலும் 1855இலும் இலங்கை பற்றி இரண்டு நூல்கள் வெளியிட்டவர். யானையின் அடி பார்த்துப் போகத் தெரிந்தவர் இல்லாமல் காட்டில் வேட்டை நடக்காது என்பது வன்னியில் எவருக்கும் தெரியும். நைலிலும் பேக்கர் பிறர் சொல் கேட்டே போனார். 1863இல் கொண்டோகோரோ என்ற ஊரில் சந்தித்த ஸ்பீக், மேற்கே தான் போகாத இன்னொரு ஏரி உண்டென்று சொன்னார். 1864 மார்ச் 14ஆம் திகதி பேக்கரும் துணைவி புளோரன்சும் அதை அடைந்தனர். அல்பேட் என்று பேக்கர் பெயரிட்ட அந்த ஏரி, அப்பகுதிப் புன்யோரோ மக்களுக்கு லூட்டா ன்சிகே. பேக்கரும் புளோரன்சும் தங்கிய வக்கோவியா, கரையோர மீனவர் ஊர். குடிசைகளில் மீன்பிடிக் கருவிகளும் நீர்யானையைக் குத்தும் ஈட்டிகளும் இருந்தன.