பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: கிளவுட் போன் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பத்தூரோ கோவையோ சிவகாசியோ, சிறு நிறுவனங்களின் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் ஓர் இபிஏபிஎக்ஸ் பெட்டி தொங்கும். ஒரே எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஸ்டோருக்கு, அக்கவுண்ட்ஸுக்கு, முதலாளி அறைக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதே வேலையை இப்போது எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் மென்பொருள் செய்துவிடுகிறது. அலுவலகத்தில் பெட்டி வேண்டாம். இணைய இணைப்பும் போனும் இருந்தால் போதும்; ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை. இதை வாங்கலாமா என்று யோசிக்கும் முதலாளிகள் பலர் பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை: இணையத்தில் பேசினால் குரல் உடையும். நெட் வேகத்தைக் கூட்டினால்தான் சரியாகும்.

பழைய லேண்ட்லைன் நம் குரலில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டுமே சுமந்தது. 1988-இலேயே தரப்படுத்தப்பட்ட ஜி.722 முறை 7,000 ஹெர்ட்ஸ் வரை சுமக்கிறது. இரு முனைகளிலும் அந்த வசதி இருந்தால் இணைய அழைப்பே தெளிவானது.

வேகம் பற்றிய கவலையும் வீண். வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்குப் போக ஒன்று, வர ஒன்று என ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 90 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. 100 மெகாபிட் ஃபைபர் வைத்திருப்பவர் 300-க்கு மாறியும் குரல் உடைந்தால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

பெரும்பாலும் அது அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும். குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக, நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகிறது. அவை சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து சிசிடிவி பதிவு கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தாலோ, டிசைன் பிரிவிலிருந்து பெரிய ஃபைல் போய்க்கொண்டிருந்தாலோ, குரல் பொட்டலங்கள் ரவுட்டரின் வாசலில் வரிசையில் நிற்கும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். வழக்கமான ஸ்பீடு டெஸ்ட் காட்டும் மெகாபிட் கணக்கில் இந்தத் தாமதம் தெரியாது. குரலுக்கு முன்னுரிமை தரும்படி ரவுட்டரை அமைத்து, மேசை போன்களை வைஃபையில் விடாமல் கேபிளில் இணைத்தாலே பாதித் தொல்லை தீரும். “நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை” என்ற புகாருக்கு ரவுட்டரில் உள்ள ‘சிப் ஏஎல்ஜி’ என்ற அமைப்பு அடிக்கடி காரணமாகிறது. உதவ வந்த அந்த அமைப்பு பல ரவுட்டர்களில் முகவரித் தகவலைத் தப்பாக மாற்றிவிடுகிறது. முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: இந்தியாவில் இது சட்டவிரோதம்.

இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலிலேயே கட்டுப்பாடுகளோடு கதவு திறந்தது. 2018-இல் அது மேலும் அகலமானது. போலீஸ் சோதனையில் சிக்குபவை வேறு: வெளிநாட்டு அழைப்புகளை சிம் பாக்ஸ் வழியாக உள்ளூர் அழைப்புபோல் மாற்றிவிடும் கள்ள எக்ஸ்சேஞ்சுகள். உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்குகிறோமா என்று மட்டும் பாருங்கள்.

நம்பிக்கை: லேண்ட்லைன் மாதிரியே கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

விற்பவர்கள் வாய் திறக்காத இடம் இது. செம்புக் கம்பி, எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும். மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், மேசை போன் எல்லாவற்றுக்கும் உங்கள் மின்சாரம் வேண்டும். பிரிட்டனில் செம்புத் தொலைபேசியை மூடும் கெடு 2025 டிசம்பரிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனதற்கு, தனியே வாழும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் பற்றிய கவலை முக்கியக் காரணம். நம் அலுவலகங்களில் கணினிகளுக்கு யுபிஎஸ் இருக்கும். மூலையில் கிடக்கும் மோடத்துக்கு இருக்காது.

அதே நேரம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியதை மறக்க முடியாது. தரைத்தளப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் நிறுவனத்தின் எண்ணே ஊமையாகிவிடும். கிளவுடில் இருந்தால், வெளியூரில் இருக்கும் ஊழியரின் கைபேசிக்கு அழைப்பைத் திருப்பலாம். ஆனால் திருப்பும் ஏற்பாட்டை மழைக்கு முன்பே செய்து, ஒருமுறை சோதித்தும் பார்த்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: அவசர எண் எங்கிருந்து அழைத்தாலும் போகும்.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஒரு மோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் நான்கு முறை 911-ஐ அழைத்தாள். அழைப்பு போகவில்லை. அந்த மோட்டலில் வெளி இணைப்புக்கு முதலில் 9-ஐ அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவர் பெயரால் ‘கேரி சட்டம்’ 2018-இல் வந்தது. 2020 பிப்ரவரி முதல் அங்கே புதிதாக அமைக்கப்படும் எந்த அலுவலகத் தொலைபேசியிலும் 911 நேரடியாகப் போயாக வேண்டும். கிளவுடில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சென்னை எண்ணை வைத்துக்கொண்டு ஊழியர் மதுரையில் உட்கார்ந்திருப்பார். 112, 108 எண்கள் போகுமா, எந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தெளிவான பதில் வராவிட்டால், அவசரத்துக்குக் கைபேசியையே எடுங்கள் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிவையுங்கள்.

நம்பிக்கை: எங்களைப் போன்ற சின்ன கம்பெனியை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?

யாரும் உட்கார்ந்து உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. இணைய அழைப்புக்கான 5060 என்ற போர்ட்டை இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே தானியங்கி நிரல்கள் ஓடுகின்றன. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைத்திருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். உரையாடலை ஒட்டுக்கேட்பது அவர்களுக்கு வேண்டாம். அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் கணக்கிலிருந்து இரவெல்லாம் அழைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு வாங்குவதே அவர்கள் தொழில். அதற்குச் சனி, ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் தோதான நாட்கள். வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத எக்ஸ்டென்ஷன்களில் அதை அடைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் செலவு இவ்வளவைத் தாண்டினால் தானாக நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே நீக்குங்கள்.